பீச்சுல சுட்ட சோளமா, டப்பாவுல இருக்குற சோளமா?

கேள்வி: டாக்டர், நாங்க கடலூர் ஓ.டி. அம்மாவுக்கு 61 வயசு, சுகர் இருக்கு. சில்வர் பீச் போனா சுட்ட சோளக்கருது சாப்புடுவாங்க, பயந்துபோய் அத நிறுத்திட்டாங்க. தினமும் ரெண்டு வேளை 'சர்க்கரை சேர்க்காத' சத்து பவுடர்தான், ஆனா சுகர் ஏறுது. மாத்திரைலயும் சோள மாவு இருக்காமே, அதையும் விடவான்னு கேக்குறாங்க.

பதில்: மாத்திரைய விடவே கூடாதும்மா, இன்னிக்கே சொல்லிடுங்க. மாத்திரை உதிராம நிக்கவும் வயித்துக்குள்ள போனதும் கரையவும் துளி ஸ்டார்ச் சேப்பாங்க, ஒரு வாய் சோத்துல இருக்குற மாவுச்சத்து அளவுக்குக் கூட அது வராது.

எனக்கு சந்தேகம் அந்த பவுடர் மேலதான். டப்பாவ திருப்பி பொடி எழுத்துல மால்ட்டோடெக்ஸ்ட்ரின்னு இருக்கான்னு பாருங்க. பெரும்பாலும் மக்காச்சோள மாவ துண்டு துண்டா ஒடைச்சு எடுக்குறது அது, நாக்குல இனிப்பே தெரியாது, சர்க்கரை கணக்குலயும் வராது, ஆனா ரத்தத்துல குளுக்கோஸ் மாதிரியே சட்டுனு ஏறிடும். சர்க்கரை இல்லன்னு நம்பி வாங்குறவங்களுக்கு இது பெரிய அநியாயம்னுதான் நான் சொல்லுவேன்.

இந்த மாவு நம்ம வீட்டுக்குள்ள வந்த கதையும் கேளுங்க. 1811லயே ரஷ்யாவுல கிர்ச்சாஃப்னு ஒருத்தர் மாவுச்சத்த ஆசிட் விட்டு காய்ச்சினா இனிப்புப் பாகு ஆகுதுன்னு கண்டுபுடிச்சாரு, 1842ல அமெரிக்காவுல தாமஸ் கிங்ஸ்ஃபோர்டு மக்காச்சோளத்துல இருந்து ஸ்டார்ச்ச தனியா பிரிச்சாரு, அது மொதல்ல துணிக்கு கஞ்சி போடத்தான், அப்புறம்தான் சமையலுக்கு வந்துச்சு. வெலை கம்மி, காய வெச்சா வருஷம் பூரா கெடாது, நெறமும் ருசியும் இல்லாததால எதுல கலந்தாலும் தெரியாது, கம்பெனிக்காரனுக்கு வேறென்ன வேணும்? கஸ்டர்ட் பவுடர், சூப் பாக்கெட், மிட்டாய்ல லிக்விட் குளுக்கோஸ், டூத்பேஸ்ட் காயாம இருக்க சேக்குற சார்பிட்டால்னு எல்லாத்துலயும் போயிடுச்சு. நம்ம வேப்பூர், திட்டக்குடி பக்கம் வெளையுற மாதிரி மக்காச்சோளம்தான், நாட்டுல பெரும்பங்கு கோழித்தீவனத்துக்குப் போக மிச்சத்துல ஒரு பகுதி ஸ்டார்ச் மில்லுக்குப் போவுது. டூத்பேஸ்ட்டுக்கெல்லாம் பயப்பட வேணாம்.

முழு கருது வேற விஷயம். நார்ச்சத்து இருக்கு, மென்னு திங்கணும், மெதுவாத்தான் ஏறும். எப்பவாவது பாதி கருது சாப்புடட்டும், அன்னிக்கு ராத்திரி ஒரு இட்லி கொறைச்சுக்கட்டும்.

பவுடர ரெண்டு வாரம் நிறுத்திட்டு, வெறும் வயித்துலயும் சாப்ட்டு 2 மணி நேரம் கழிச்சும் சுகர் பாத்து எழுதி உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க. பவுடர் நிக்கிற நேரத்துல வேர்த்து, கை நடுங்குச்சுன்னா சுகர் எறங்குதுன்னு அர்த்தம், உடனே 3 ஸ்பூன் குளுக்கோஸ் தண்ணில கலக்கிக் குடுங்க. அதுவும் மக்காச்சோளத்துல வந்ததாத்தான் இருக்கும், ஆனா அந்த நேரத்துல அதுதான் மருந்து.