புதுச்சேரியில் வீட்டுத் தோட்டத்தில் வளர்த்த இரண்டு ஆமைகளைக் காணவில்லை. யாராவது திருடியிருப்பார்களா? எங்கே தேடுவது?

லாஸ்பேட்டையில் மதில் வைத்த தோட்டம், கேட் பூட்டியே இருந்தது, மழை விட்ட மறுநாள் இரண்டு ஆமைகளையும் காணோம், வீட்டில் எல்லோரும் திருட்டு என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். திருட்டு என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்ச் சொல்லுங்கள். இன்றைக்கே போங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்பதை நம் பக்கத்தில் இன்னும் மனதார நம்புகிறவர்கள் நிறையப் பேர். கொல்லையில் திடீரென்று ஓர் ஆமை நின்றால், யாருடையது என்று அவர்கள் விசாரிப்பதில்லை. சாக்கில் போட்டுக் கொண்டுபோய்க் கோயில் குளத்திலோ ஏரியிலோ விட்டுவிடுவார்கள். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆமை என்றால் தண்ணீரில் இருப்பது, தண்ணீரில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். ஆனால் தரையில் வாழும் ஆமைக்கு நீந்த வராது. ஆழமான குளத்தில் விட்டால் மூழ்கிச் செத்துப்போகும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அத்தை வீட்டில் வளர்ந்த ஆமை ஒன்று இப்படித்தான் போனது. பின் தெருக்காரர் அதைக் குளத்தில் விட்ட செய்தி எங்கள் காதுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அத்தை அதை எத்தனை ஆசையாக வளர்த்தார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

போகிற வீட்டில் 'ஆமையைக் காணோம்' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'பார்த்தால் தண்ணீரில் விட்டுவிடாதீர்கள், ஒரு கூடையைக் கவிழ்த்து மூடி வைத்துவிட்டு எனக்கு போன் பண்ணுங்கள்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். போட்டோவைக் காட்டுங்கள். பெரியவர்களைவிடத் தெருவில் விளையாடும் பிள்ளைகள் கண்ணில்தான் ஆமை முதலில் படும். குப்பை வண்டிக்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், இஸ்திரி வண்டிக்காரர், காலி மனையில் மாடு கட்டுகிறவர் என எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

அடுத்தது, எந்த வகை ஆமை என்பதை நீங்கள் எழுதவில்லை. தேடும் இடமே அதை வைத்துத்தான் மாறும்.

தரை ஆமை என்றால் பெரும்பாலும் தொலைவில் இருக்காது. புது இடத்துக்கு வந்ததும் மதில் ஓரமாகவே நடந்து, உடம்பை இடுக்கிக்கொள்ள ஒரு மறைவு கிடைத்ததும் அங்கேயே முடங்கிவிடும். அதனால் தோட்டத்தின் நடுவில் நின்று சுற்றிப் பார்ப்பதில் பயன் இல்லை. மண்டி போட்டு, ஆமையின் கண் உயரத்தில் பாருங்கள். குவித்து வைத்த தென்னை மட்டை, விறகு, துவைக்கிற கல்லுக்கு அடியில் உள்ள சந்து, வாழைக்கட்டையைச் சுற்றியுள்ள சருகு, கவிழ்த்த தொட்டி, மாடிப்படிக்குக் கீழே என்று ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் பார்க்க வேண்டும் (மழைக்காலம், பாம்பும் இருக்கும், முதலில் ஒரு குச்சியால் கிளறிவிட்டுக் கையை விடுங்கள்). மண் புதிதாகக் கிளறியிருந்தால் அதைத் தோண்டிப் பாருங்கள். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சல்கேட்டா ஆமையாக இருந்தால் இது மிக முக்கியம். பத்தடிக்கு மேலும் வளை தோண்டக்கூடிய இனம் அது.

தேடுகிற நேரமும் முக்கியம். ஆமைக்கு வெயிலில்தான் உடம்பு சூடேறும். காலை வெயில் இளசாக இருக்கும்போதும், மாலை நாலு மணிக்கு மேலும் வெளியே வரும். உச்சி வெயிலில் எங்கேயாவது பதுங்கிவிடும். இரவில் ஒரே இடத்தில் அசையாமல் தூங்கும், அப்போது டார்ச் அடித்துத் தேடலாம். செம்பருத்திப் பூவும் தர்பூசணித் துண்டும் வைத்துப் பாருங்கள். மாலையில் மதிலின் சந்துகளிலும் கேட்டுக்கு அடியிலும் கோலமாவைத் தூவி வைத்தால், காலையில் இரண்டு வரிசைக் கால்தடம் தெரிகிறதா என்று பார்க்கலாம். கேமராவைவிட இது எங்களுக்கு நன்றாக உதவியது.

கேட் பூட்டியிருந்தது என்கிறீர்கள். கேட்டுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். ஓட்டின் உயரம் நுழையும் இடம் எதுவானாலும் ஆமை நுழைந்துவிடும். சில சமயம் சாய்ந்துகூட நுழையும். மழையில் மதிலுக்கு அடியில் மண் அரித்திருக்கலாம். கம்பிவலை வேலி இருந்தால், மூலையில் காலை மாட்டி ஏறியிருக்கும். அப்புறம், கிணறு, மூடாத தொட்டி, செப்டிக் டேங்க் பள்ளம், தெருவோரச் சாக்கடை ஆகியவற்றை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். அங்கே விழுந்திருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

தண்ணீர்த் தொட்டியில் வளர்த்த ஆமை என்றால் கதை வேறு. மீன் கடையில் குட்டியாக வாங்கி வருகிற, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட அமெரிக்க ஆமை மழை பெய்தால் வெளியே கிளம்பும். பெட்டையாக இருந்தால் முட்டையிட மண் தேடியும் போகும். தாழ்வான பக்கம், தண்ணீர் ஓடுகிற வாய்க்கால், பக்கத்துக் குட்டை என்று அந்தத் திசையில் தேடுங்கள். 'ஊசுடு ஏரிக்குப் போயிருந்தால் நன்றாக இருக்கட்டும்' என்று சமாதானம் ஆகிவிடாதீர்கள். இந்த இனம் நம் ஏரிகளில் பெருகினால், அங்கேயே பிறந்து வளர்கிற பாலாமைக்கும் காராமைக்கும் இரையிலும் வெயில் காயும் இடத்திலும் போட்டி வரும்.

இனி நான் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று. உங்கள் ஆமையின் ஓடு கறுத்து, ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சள் கோடுகள் விரிந்திருந்தால் அது நட்சத்திர ஆமை. அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம். 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அது மிக அதிகப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. பாலாமைக்கும் அதே அட்டவணைதான். யார் அன்பளிப்பாகக் கொடுத்திருந்தாலும் சட்டம் மாறாது. அப்படியிருந்தால் போஸ்டர் ஒட்டுவதை விட்டுவிட்டு வனத்துறையிடம் நேரில் சொல்லுங்கள், கிடைத்ததும் அவர்களிடமே ஒப்படையுங்கள். நட்சத்திர ஆமை கடத்தல் எவ்வளவு பெரிய வியாபாரம் என்பது, சென்னை விமான நிலையத்தில் அடிக்கடி பிடிபடுகிற செய்திகளைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். திருடு போக நிஜமாகவே வாய்ப்புள்ள இனமும் அதுதான். புதுச்சேரிக்குத் தனி வனத்துறை, கடலூர் மாவட்டத்துக்குத் தமிழ்நாடு வனத்துறை. எல்லை தாண்டிப் போய் அலையாதீர்கள்.

சல்கேட்டா போன்ற வெளிநாட்டு இனம் என்றால், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவும், ஓட்டை மேலும் கீழும் எடுத்த போட்டோவும் இருந்தால் போலீசில் புகார் கொடுக்கும்போது உங்களுடையதுதான் என்று காட்ட முடியும். ஓட்டின் கோடும் நிறமும் ஒவ்வொன்றுக்கும் வேறுபடும்.

சிலர் இனிமேல் தொலையாமல் இருக்க ஓட்டின் ஓரத்தில் துளை போட்டுக் கயிறு கட்டச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஓடு உயிருள்ள எலும்பு, அதில் ரத்தமும் நரம்பும் ஓடுகின்றன. வலிக்கும், சீழ் பிடிக்கும். அதற்குப் பதிலாக வேலியின் அடியில் ஓரடி உயரத்துக்குப் பலகையோ தகடோ வைத்து மறையுங்கள். வெளிப்பக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் அங்கேயே முட்டிக்கொண்டிருக்கும், தெரியாவிட்டால் திரும்பிவிடும்.

ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று தேடுவதை நிறுத்த வேண்டாம். வளர்ந்த தரை ஆமை வாரக்கணக்கில் இரையில்லாமல் தாங்கும். கிடைத்ததும் தாடை நனையாத அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் விடுங்கள், பிறகு இரை கொடுக்கலாம். ஓட்டிலும் காலிலும் நாய்க்கடி இருக்கிறதா பாருங்கள். புண் இருந்தால் மஞ்சளோ சுண்ணாம்போ அப்பாதீர்கள், ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும் முன்னே சுத்தமான துணியால் மூடி, குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போங்கள்.