மகன் சொல்வது எந்தக் கேப்டன்?

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ படிக்கும் தங்கள் மகன் ‘கேப்டன் ஆக வேண்டும்’ என்று மட்டும் சொல்கிறான், மேலே கேட்டால் பேச மறுக்கிறான் என்று வருந்தி எழுதியிருந்தீர்கள். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஒரு சொல் குறைந்தது மூன்று வேறு வேலைகளைக் குறிக்கிறது; அவற்றில் எது என்று தெரியும் வரை எந்த விண்ணப்பத்துக்கும் பணம் கட்ட வேண்டாம்.

தரைப்படையில் கேப்டன் என்பவர் இளம் அதிகாரி. லெப்டினன்டாகச் சேர்ந்து 2 ஆண்டுப் பணி முடித்தவர் அந்நிலைக்கு வருகிறார். தோளில் 3 நட்சத்திரங்கள் இருக்கும். கடற்படையிலோ அதே பெயர் தரைப்படையின் கர்னலுக்கு நிகரான மூத்த பதவியைக் குறிக்கிறது. சப்-லெப்டினன்ட், லெப்டினன்ட், லெப்டினன்ட் கமாண்டர், கமாண்டர் என்னும் படிகளைக் கடந்தவர்களுள் தேர்ந்தெடுக்கப்படுவோருக்கே அது கிடைக்கும். ஆனால் ஒரு போர்க்கப்பலைக் கமாண்டர் நிலையில் உள்ளவர் நடத்தினாலும், அந்தக் கப்பலில் இருப்பவர்களுக்கு அவரே கேப்டன். அங்கே அது பதவியின் பெயர் அன்று, பொறுப்பின் பெயர். வணிகக் கப்பலின் கேப்டன் படையைச் சேர்ந்தவரே அல்லர். அவருடைய சான்றிதழில் ‘மாஸ்டர்’ என்றுதான் இருக்கும். அவர் தோளிலும் கடற்படைக் கேப்டனைப் போல 4 பொன்பட்டைகள் இருப்பதால், படத்தைப் பார்த்து ஆசைப்படும் பிள்ளைகளுக்கு வேறுபாடு தெரிவதில்லை.

நம் நாளிதழ்கள் முப்படைகளின் தலைமைத் தளபதி முதல் ஒரு படைப்பிரிவின் தலைவர் வரை எல்லோரையும் ‘தளபதி’ என்று எழுதிவிடுவதால் குழப்பம் கூடுகிறது. படை அதிகாரியாகச் சேரப் பட்டதாரிகள் எழுதும் சி.டி.எஸ். தேர்வுக்கும், 2020இல் நடைமுறைக்கு வந்த சி.டி.எஸ். (முப்படைகளின் தலைமைத் தளபதி) என்னும் உயர்பதவிக்கும் சுருக்கப் பெயர் மட்டுமே ஒன்று என்பதையும் அவனிடம் சொல்லி வையுங்கள்.

படைகளே அவன் விருப்பம் என்றால், தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேருவதற்கான என்.டி.ஏ. தேர்வை யூ.பி.எஸ்.சி. (மத்தியத் தேர்வாணையம்) ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. பிளஸ் டூ படிக்கும்போதே எழுதலாம். தரைப்படைக்கு எந்தப் பாடப்பிரிவும் போதும். கடற்படைக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண், படைகளின் தேர்வு வாரியம் ஐந்து நாள் நடத்தும் எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்கும் 900 மதிப்பெண். ஆகவே பயிற்சிப் புத்தகத்தை மட்டும் நம்பாமல், நாலு பேர் முன்னிலையில் அவனைப் பேசப் பழக்குங்கள்.

தங்கள் தந்தையார் தூத்துக்குடித் தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்தும் தலைவராக, இருந்தவர் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் இருமுறை படித்தேன். தாத்தாவின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் ‘கேப்டன்’ என்று சொல்லும்போது துப்பாக்கியை அல்ல, சுக்கானை நினைத்திருக்கக் கூடும். அப்படியானால் அவன் எழுத வேண்டியது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் பொது நுழைவுத் தேர்வு. டி.என்.எஸ். என்னும் ஓராண்டுக் கப்பல் பட்டயப் படிப்பில் சேர்ந்தால், பிறகு கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, 18 மாதக் கடல் பணி. அதன்பின் செகண்ட் மேட், சீஃப் மேட், மாஸ்டர் என ஒவ்வொரு நிலைக்கும் கடல் பணியும் தேர்வும் உண்டு. ஏறத்தாழ பத்து ஆண்டு என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய், நகையை அடகு வைத்து மகனைச் சேர்த்த படிப்பின் ரசீதுடன் என்னிடம் வந்தார். ‘கேப்டன் கோர்ஸ்’ என்று முகவர் சொன்னாராம்; ரசீதில் இருந்தது ஜி.பி. ரேட்டிங், அதாவது கடைநிலைப் பணியாளருக்கான பயிற்சி. அது மதிப்புள்ள வேலைதான். அங்கிருந்து தேர்வெழுதி அதிகாரியாகவும் வழி உண்டு. ஆனால் அந்தத் தாய்க்கு அதை யாரும் சொல்லவில்லை. எனவே படிப்பின் பெயரை எழுத்தில் கேளுங்கள், மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங்கின் இணையதளத்தில் அந்த நிறுவனத்தின் அங்கீகாரத்தையும், வேலை தருவதாகச் சொல்பவரின் ஆர்.பி.எஸ்.எல். (கப்பலுக்கு ஆள் சேர்ப்பதற்கான உரிமம்) எண்ணையும் தாங்களே சரிபாருங்கள்.

விண்ணப்பத்துக்கு முன் அவனுக்கு நிறப்பார்வைச் சோதனை செய்துவிடுங்கள். சிவப்பு, பச்சை விளக்குகளைப் பிரித்தறிய இயலாதவருக்குக் கப்பலின் மேல்தளப் பணி கிடைக்காது. சோதனை முடிந்ததும் அவனையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். மூன்று கேப்டன்களின் படங்களையும் அவன் முன் வைத்து, எந்தத் தோள்பட்டை தனக்கு வேண்டும் என்பதை அவன் வாயாலேயே கேட்போம்.