பாகூ: எண்ணெயும் வழியும் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அஜர்பைஜான், அதன் தலைநகர் பாகூ பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ‘உலகின் முதல் எண்ணெய்க் கிணறு பாகூவில்தான் தோண்டப்பட்டது’ என்று அதில் ஒரு வரி வருகிறது. பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகனோ, 1859ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் போட்டதுதான் முதல் கிணறு என்று தன் வினாடி வினாப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுகிறான். எது சரி?

இன்னொரு சந்தேகமும் உண்டு. 1901ல் உலகத்துக்கே பாதி எண்ணெயைக் கொடுத்த ஊர் என்கிறீர்கள். அப்படியானால் சவூதி, டெக்சஸ் என்று கேள்விப்படுவதுபோல் அதன் பெயரை நாம் ஏன் கேள்விப்படுவதில்லை? ஸ்வீடன் நாட்டு நோபல் சகோதரர்கள் வந்ததால் உயர்ந்து, அவர்கள் போனதும் தாழ்ந்த ஊர் என்று புரிந்துகொள்ளலாமா?

அன்புடன்,
கார்த்திகேயன், திருநெல்வேலி


அன்புள்ள கார்த்திகேயன்,

முதலில் உங்கள் மகனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். அந்த வரியை நான் அவசரத்தில் எழுதிவிட்டேன். ஆனால் அவனுடைய புத்தகமும் முழுவதும் சரியில்லை.

பாகூ அமைந்திருக்கும் அப்ஷெரோன் தீபகற்பத்தில் எண்ணெயைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது தரையிலேயே ஊறிக்கொண்டிருந்தது. அந்தப் பகுதியின் எண்ணெய் விளக்கெரிக்கவும் ஒட்டகங்களின் சொறிக்கு மருந்தாகவும் பயன்படுவதை மார்க்கோ போலோ பதிமூன்றாம் நூற்றாண்டிலேயே குறிப்பிட்டிருக்கிறார். பாலாகானி என்ற ஊரில், கையால் வெட்டிய 35 மீட்டர் ஆழமுள்ள எண்ணெய்க் கிணறு ஒன்றில், 1594ஆம் ஆண்டையும் வெட்டியவரின் பெயரையும் பொறித்த கல் கிடைத்திருக்கிறது. ஆகவே தோண்டிய கிணறு என்று கணக்கிட்டால் டிரேக் மிகவும் பிந்தியவர். கருவி கொண்டு துளையிட்ட கிணறு என்று கணக்கிட்டாலும், பாகூவை ஒட்டிய பீபி ஹெய்பத்தில் ரஷ்ய அரசின் அதிகாரிகள் 1840களின் பிற்பகுதியிலேயே 21 மீட்டர் ஆழத்துக்கு ஒரு துளையை இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். டிரேக்கின் கிணறும் ஏறத்தாழ அதே 21 மீட்டர்தான் என்பது ஒரு வேடிக்கை.

அப்புறம் என்ன நடந்தது என்பதில்தான் வேறுபாடு. டிரேக்கின் கிணற்றில் எண்ணெய் வந்ததும் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். பீபி ஹெய்பத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. எண்ணெய் எடுக்கும் உரிமையை ஜார் அரசு ஒரே ஆளிடம் நான்காண்டுக் குத்தகையாகக் கொடுத்துவந்தது. நான்காண்டில் கைமாறிவிடக்கூடிய நிலத்தில் யார் இயந்திரத்தை இறக்குவார்கள்? குத்தகைதாரர் பழைய கைக்கிணறுகளிலிருந்தே இறைத்துக்கொண்டிருந்தார். பாலாகானியில் துளையிட்ட கிணறு ஒன்று வணிகத்துக்குப் பயன்படும் அளவுக்கு எண்ணெய் தந்தது 1871ல்தான். மறு ஆண்டு குத்தகை முறையை ஒழித்து, நிலங்களைத் துண்டு துண்டாக ஏலம் விட்டார்கள். இன்று நாம் அறியும் பாகூ அங்கிருந்து தொடங்குகிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நோபல்களை வைத்து மட்டும் பாகூவை விளங்கிக்கொள்ள முடியாது. இந்த ஊரின் வரலாற்றை நான் படித்தவரையில், அதன் உயர்வும் தாழ்வும் எண்ணெய் எவ்வளவு கிடைத்தது என்பதைவிட, கிடைத்ததை எந்த வழியில் வெளியே கொண்டுபோக முடிந்தது என்பதையே சார்ந்திருந்திருக்கின்றன. காஸ்பியன் என்பது பெயருக்குத்தான் கடல். எந்தப் பெருங்கடலோடும் சேராத பெரிய ஏரி அது. பாகூவிலிருந்து கப்பலில் கிளம்பினால் வோல்கா ஆற்றின் முகத்துவாரத்துக்குத்தான் போய்ச் சேரலாம். அந்த ஆறும் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் உறைந்து கிடக்கும்.

வழியில்லாத இடத்தில் எண்ணெய் பெருகினால் என்ன ஆகும் என்பதற்கு 1883ல் பாலாகானியில் பீறிட்ட ‘த்ருஷ்பா’ கிணறே சாட்சி. அந்த ரஷ்யச் சொல்லுக்கு நட்பு என்று பொருள். எண்ணெயும் மணலும் கோபுர உயரத்துக்கு எழுந்து, வாரக்கணக்கில் அடங்காமல், பக்கத்து நிலங்களையும் கட்டடங்களையும் மூடின. பிடித்துவைக்கத் தொட்டியும் இல்லை, அனுப்பிவைக்க வழியும் இல்லை. அண்டை நிலத்தவர்கள் கேட்ட நஷ்டஈட்டில் கிணற்றுக்காரர்கள் திவாலானார்கள். அமெரிக்காவாக இருந்தால் கோடீஸ்வரர்கள் ஆகியிருப்பார்கள்.

இந்த இடத்தில்தான் நோபல்கள் வருகிறார்கள். 1873ல் ராபர்ட் நோபல் பாகூவுக்கு எண்ணெய்க்காக வரவில்லை. தம்பி லுட்விக்கின் துப்பாக்கித் தொழிற்சாலைக்குக் கட்டைப்பிடி செய்வதற்கு வால்நட் மரம் வாங்கக் காகசஸுக்கு வந்தவர், கையில் இருந்த 25,000 ரூபிளைக் கொடுத்து ஒரு சிறிய சுத்திகரிப்பு ஆலையை வாங்கிவிட்டார். அப்போது பாலாகானியிலிருந்து ஆலைகள் இருந்த கறுப்பு நகரத்துக்கு எண்ணெய் ‘அர்பா’ என்ற வண்டிகளில் வந்துகொண்டிருந்தது. ஆள் உயரத்தைத் தாண்டிய இரண்டு சக்கரங்கள். ஒரு பீப்பாயை மேலே ஏற்றி, இன்னொன்றை அச்சுக்குக் கீழே தொங்கவிட்டிருப்பார்கள். நோபல்கள் 1878ல் சுமார் 10 கிலோமீட்டருக்கு இரும்புக் குழாய் போட்டபோது, தங்கள் பிழைப்பு போய்விடும் என்பது வண்டிக்காரர்களுக்கு உடனே புரிந்தது. அவர்கள் குழாயை உடைத்தார்கள். நோபல்கள் வழிநெடுகக் காவல் கோபுரம் கட்டினார்கள். அதே ஆண்டில் ஸ்வீடனில் கட்டிய ‘ஜோரோஸ்டர்’ என்ற கப்பல், பீப்பாய் இல்லாமல் எண்ணெயை அப்படியே தொட்டியில் ஏற்றிக்கொண்டு காஸ்பியனில் ஓடத் தொடங்கியது. மரமே வளராத தீபகற்பத்தில் பீப்பாய்க்கு என்ன விலை இருந்திருக்கும் என்று எண்ணிப்பார்த்தால் இதன் அருமை தெரியும்.

அடுத்த வழி கருங்கடல் பக்கம் திறந்தது. பாகூவிலிருந்து பாதூமி துறைமுகத்துக்கான ரயில் பாதை 1883ல் முடிந்தபோது பாரிஸின் ரோத்சைல்ட் வங்கிக் குடும்பத்தின் பணம் அதில் இருந்தது. இடையில் குறுக்கிட்ட சூராம் மலைக் கணவாயில் ரயில் திணறியதால், 1889ல் நோபல்கள் மலையைக் குடைந்து ஒரு குழாய் போட்டார்கள். அதற்கு அவர்களுடைய சகோதரர் ஆல்பிரட்டின் டைனமைட் நூற்றுக்கணக்கான டன் செலவானது. 1892 ஆகஸ்டில் லண்டன் வணிகர் மார்க்கஸ் சாமுவேலின் ‘மியூரெக்ஸ்’ கப்பல் பாதூமியில் மண்ணெண்ணெயை நிரப்பிக்கொண்டு சூயஸ் கால்வாயைக் கடந்தது. அவருடைய நிறுவனமே பின்னாளில் ‘ஷெல்’ ஆனது. மலிவான எண்ணெயைக் கொண்டுவந்தும் ஆசியாவில் விற்பனை படுத்துவிட்டது என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அமெரிக்கப் போட்டியாளரான ஸ்டாண்டர்டு ஆயில் தன் எண்ணெயை நீல நிறத் தகர டின்னில் விற்றுவந்தது. மக்களுக்கு எண்ணெய் எவ்வளவு தேவையோ அவ்வளவு அந்த டின்னும் தேவைப்பட்டது. காலியானதும் அது கூரைத் தகடாகும், தண்ணீர் வாளியாகும். சாமுவேல் புரிந்துகொண்டு பளபளக்கும் சிவப்பு டின்களைச் செய்வித்தார். நம் வீடுகளில் அரிசியும் புளியும் போட்டுவைத்த சீமெண்ணெய் டின்னை நினைவுள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1901ல் பாகூ ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் டன் எடுத்தது. உலக உற்பத்தியில் பாதிக்குச் சற்று மேல். உள்ளூர்க்காரர்களும் எழுந்தார்கள். செருப்புத் தைப்பவரின் மகனான ஜெய்னலாப்தீன் தாகியேவ் பீபி ஹெய்பத்தில் வாங்கிய நிலத்தில் நெடுநாள் ஒன்றும் கிடைக்காமல், கூட்டாளிகள் பங்கை விற்றுவிட்டுப் போன பிறகும் தோண்டிக்கொண்டேயிருந்து செல்வந்தரானவர். 1901ல் முஸ்லிம் பெண்குழந்தைகளுக்கென்று அவர் திறந்த பள்ளி, ரஷ்யப் பேரரசில் அவர்களுக்கு மதக்கல்விக்கு வெளியே பாடம் சொல்லித்தந்த முதல் பள்ளி. ஆனால் எண்ணெய்க்கு 1878லேயே குழாய் போட்ட ஊருக்கு, ஷோல்லார் ஊற்றுகளிலிருந்து நல்ல தண்ணீருக்குக் குழாய் வந்து சேர்ந்தது 1917ல்தான். தொழிலாளர்களின் குடியிருப்பு எப்படி இருந்திருக்கும் என்பதை அதிலிருந்தே ஊகிக்கலாம். 1904 டிசம்பர் வேலைநிறுத்தத்தில் அவர்கள் பெற்ற கூட்டு ஒப்பந்தம் ரஷ்யப் பேரரசில் அத்தகைய முதல் ஒப்பந்தம். மறு ஆண்டே ஆர்மீனியர்களுக்கும் அஜர்பைஜானியர்களுக்கும் மூண்ட கலவரத்தில் எண்ணெய் வயல்களின் பெரும்பகுதி எரிந்தது. முதலிடம் பறிபோனதற்கு நோபல்கள் காரணமல்லர். அவர்களுடைய நிறுவனம் 1920 வரை அங்கேதான் இருந்தது. போகும்போதும் சாமர்த்தியமாகவே போனார்கள்: ஏப்ரலில் செஞ்சேனை பாகூவைப் பிடித்துச் சொத்துகளைத் தேசியமயமாக்கிய பின், ஜூலையில் தங்கள் பங்கில் பாதியை நியூஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயிலுக்கு விற்றார்கள்.

சோவியத் காலத்தில் பாகூ விழவில்லை. 1941ல் 2 கோடியே 35 லட்சம் டன் எடுத்தது. சோவியத் எண்ணெயில் பெரும்பங்கு அதுவே. விழுந்தது 1942ல், மறுபடியும் வழியினால். ஜெர்மானியப் படை காகசஸுக்குள் புகுந்து வடக்கே செல்லும் பாதைகளை அடைத்தபோது, எண்ணெய் ஏற்றிய ரயில் தொட்டி வண்டிகளைச் சங்கிலியாகக் கட்டிக் காஸ்பியனில் மிதக்கவிட்டு, இழுவைக் கப்பல்களால் கிழக்குக் கரைக்கு இழுத்துச் சென்றார்கள். அதுவும் போதவில்லை. கிணறுகளை அடைத்து, துளையிடும் கருவிகளையும் தேர்ந்த தொழிலாளர்களையும் வோல்கா–யூரல் பகுதிக்கு அனுப்பினார்கள். அவர்கள் அங்கே ‘இரண்டாவது பாகூ’வை உருவாக்கிவிட்டதால், போர் முடிந்தபின் முதல் பாகூவுக்குப் பழைய முக்கியத்துவம் திரும்பவில்லை. நீங்கள் அந்தப் பெயரைக் கேள்விப்படாததற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

1949ல் கடலுக்குள், பாறைத் திட்டுகள்மீது ‘நெஃப்ட் தாஷ்லாரி’ என்ற எண்ணெய் நகரத்தை எழுப்பத் தொடங்கினார்கள். அடித்தளத்துக்காக அங்கே மூழ்கடித்த பழைய கப்பல்களில் அந்த ஜோரோஸ்டரும் ஒன்று. கரையிலோ வளம் குறைந்துகொண்டே வந்தது. இந்திய வணிகர்கள் கட்டி, சமஸ்கிருதத்திலும் குர்முகியிலும் கல்வெட்டுப் பொறித்த சுராகானி நெருப்புக் கோயிலில் தரையிலிருந்து தானாக எரிந்த தீ 1969ல் அணைந்தது. இப்போது எரிவது குழாயில் வரும் வாயு.

விடுதலைக்குப் பின் நடந்ததும் வழியின் கதைதான். 1994 செப்டம்பர் 20ல் காஸ்பியன் கடல் வயல்களுக்காக வெளிநாட்டு நிறுவனங்களோடு ‘நூற்றாண்டின் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. ஆனால் ரஷ்யாவையும் ஈரானையும் ஆர்மீனியாவையும் தொடாமல் ஜார்ஜியா வழியாகத் துருக்கியின் ஜெய்ஹான் துறைமுகத்துக்குப் போகும் 1,768 கிலோமீட்டர் குழாயில் எண்ணெய் போய்ச் சேர்ந்தது 2006ல். நான்கே ஆண்டுகளில், 2010ல், அந்தக் கடல் வயல்களின் உற்பத்தி நாளொன்றுக்கு 8 லட்சம் பீப்பாய்க்கு மேல் சென்று உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. நம் அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி விதேஷ் 2013ல் அந்த வயல்களில் 2.72 விழுக்காடும் குழாயில் 2.36 விழுக்காடும் வாங்கியது அதற்குப் பிறகுதான்.

கட்டுரையிலிருந்த வரியை ‘கருவி கொண்டு துளையிட்ட எண்ணெய்க் கிணறுகளில் மிக முந்தியவற்றில் ஒன்று’ என்று திருத்திவிட்டேன். தேர்வில் கேட்டால் உங்கள் மகன் டிரேக் என்றே எழுதட்டும். விடைத்தாள் திருத்துபவர் பீபி ஹெய்பத்துக்கு மதிப்பெண் போடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்புடன்.