சனிக்கிழமை சம்பளம் செவ்வாய்க்கிழமை வந்தால்

கேள்வி: திருப்பூரில் 30 மெஷின் போட்டு, மற்றவர்களின் ஆர்டருக்குத் துணி தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் கம்பெனி நடத்துகிறேன். ஓவர்லாக், ஃபிளாட்லாக் தையல் மெஷின் ஓட்டும் டெய்லர்கள் ஆறு மாதம்கூட நிற்பதில்லை, ஷிப்டுக்கு 30 ரூபாய் கூடக் கிடைத்தால் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். எல்லோரையும் குடும்பம் மாதிரிதான் வைத்திருக்கிறேன். ஆர்டர் கொடுத்த பார்ட்டியிடமிருந்து பணம் வரத் தாமதமானால் சனிக்கிழமை சம்பளம் திங்கள், செவ்வாய் ஆகும், மற்றபடி ஒரு குறையும் வைத்ததில்லை. விசுவாசமே இல்லாமல் போய்விட்டதா?

பதில்: ஆள் நிற்பதில்லை என்று எழுதுகிற எல்லா முதலாளிகளும் அந்த 30 ரூபாயைத்தான் சொல்கிறார்கள். நான் உங்கள் கடிதத்தில் 'மற்றபடி' என்ற வார்த்தையிலேயே நின்றுவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வருகிற பணத்தை நம்பி ஒரு வாரத்தையே ஓட்டுகிற ஊர் தம்பி அது. மளிகைக்கடைப் பாக்கி, லைன் வீட்டு வாடகை, குழுக் கடன் தவணை, ஞாயிற்றுக்கிழமை கறி எல்லாம் அதில்தான். அன்றைக்கு வெறுங்கையோடு வீட்டுக்குப் போன டெய்லர் அக்கா யாரிடம் கைமாற்று கேட்டார், என்ன வட்டிக்கு வாங்கினார் என்று ஒரு நாளாவது விசாரித்தீர்களா? போகும்போது 30 ரூபாயைத்தான் காரணமாகச் சொல்லியிருப்பார்கள், சம்பளம் லேட் என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்ல நம் ஆட்களுக்கு வாய் வராது. ஆனால் எந்தக் கம்பெனியில் எந்தக் கிழமை பணம் வரும் என்பது ஒடிசாவிலிருந்து நேற்று வந்த பையனுக்கும் ரூமுக்குள் நுழைந்த அன்றைக்கே தெரிந்துவிடும்.

குடும்பம் என்கிறீர்கள். வீட்டில் பணமுடை வந்தால் மூத்தவன் தன் தட்டில் குறைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் போடுவான், நான் அறிந்த குடும்பம் அதுதான். பார்ட்டி பணம் வராத வாரத்தில் நீங்கள் எதை நிறுத்தினீர்கள்? கரண்ட் பில்லையா, பேங்க் தவணையையா? சத்தம் போட மாட்டார்கள் என்று தெரிந்தவர்களின் கூலியைத்தானே! கூலியை நேரத்துக்குக் கொடுக்காத வரை விசுவாசம் என்ற பேச்சை எடுக்காதீர்கள்.

சரி, பார்ட்டி இழுத்தடிக்கிறார் என்றால் சண்டையை அங்கே போடுங்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா? குறு, சிறு தொழில்களுக்கான 2006-ஆம் வருடச் சட்டப்படி, என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டியைப் போல 3 மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. இதற்கென்று உள்ள அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில் பல பேர் இதைத் தொடுவதே இல்லை, அந்தப் பயத்துக்கான விலையை டெய்லர்கள் கொடுக்கிறார்கள்.

இரண்டு வாரக் கூலியைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள், எதற்காகவும் அதைத் தொடாதீர்கள். முடியவில்லையா, ஆர்டரைக் குறையுங்கள். கூலிக்கு வழியில்லாமல் ஆர்டர் எடுப்பது அடுத்தவர் வீட்டு அரிசியில் விருந்து வைப்பது போல.

அதற்கு முன்னால், விட்டுப் போனவர்களில் யாருக்காவது நாலு நாள் கூலி பாக்கி இருக்கிறதா என்று நோட்டைப் புரட்டிப் பாருங்கள். இருந்தால் நீங்களே வீடு தேடிப் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். திரும்ப வேலைக்குக் கூப்பிடுவதெல்லாம் அப்புறம்.