எட்டு வயது லேப்டாப்: மாற்றுவதா, தேற்றுவதா?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே ஏழெட்டுக் கடைகளுக்கு டேலி கணக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் போட்டுக் கொடுக்கிறேன். 2018-இல் வாங்கிய லேப்டாப். ஏழாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சர்வீஸ் கடைக்காரர், "இதுக்குச் செலவு பண்ணாதீங்க, புதுசு வாங்கிடுங்க" என்கிறார். ஆன்லைனில் இருபதாயிரத்துக்கே புதிது கிடைக்கிறது. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இப்போதே வாங்கிவிடலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த இருபதாயிரத்து லேப்டாப் மட்டும் வேண்டாம். அந்த விலையில் வருபவற்றில் பல, செலரான் என்ற மலிவு சிப்பும் இஎம்எம்சி என்ற மலிவு வகைச் சேமிப்பும் கொண்டவை. செலரான் என்4020 போன்ற சிப், உங்கள் பழைய ஐ3-ஐ விடவே மெதுவானது. இஎம்எம்சி, போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. நிறைந்தாலும் பழுதானாலும் கழற்றி மாற்ற முடியாது. காசு கொடுத்துப் பின்னால் போகிற கதை.

இனி உங்கள் லேப்டாப். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் வரும். ஆன் செய்த புதிதில் டிஸ்க் என்ற பத்தி 100 சதவீதத்திலேயே நின்றால், குற்றவாளி சிப் அல்ல, ஹார்ட் டிஸ்க். சுழலும் தட்டில் ஊசி அங்குமிங்கும் ஓடிப் படிக்க வேண்டும். விநாடிக்கு நூறு இடங்களைத் தொட்டாலே அதிகம். சுழலும் பாகமே இல்லாத சேமிப்பான எஸ்எஸ்டி, சாதாரண சாட்டா வகையே ஆனாலும், அதே விநாடியில் பல்லாயிரம் இடங்களைப் படித்துவிடும். உங்களுடையதைப் போன்ற பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடும் இந்த ஒரு மாற்றமே போதும், டீ ஆறுவதற்குள் டேலி திறந்துவிடும். ராம் இன்னொரு 4 ஜிபி சேர்த்தால் நல்லது. ஆனால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை எகிறிக் கிடக்கிறது. சிப் நிறுவனங்கள் ஏஐ சர்வர்கள் பக்கம் திரும்பிவிட்டன. பழைய லேப்டாப்பில் கழற்றிய டிடிஆர்4 ராம் கிடைத்தால் தயங்காமல் போடுங்கள், ராம் லேசில் கெடாது. செலவு எல்லாம் சேர்த்து, நல்ல புது லேப்டாப் விலையில் கால் பங்கைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். இது என் கணக்கு, சட்டமில்லை.

கடைக்குப் போகுமுன் டேலி டேட்டாவை பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். அப்புறம் இரண்டு விஷயம் பாருங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டோ, அடிப்பாகம் புடைத்தோ இருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. அன்றே நிறுத்துங்கள், சார்ஜில் போடாதீர்கள். மூடி திறக்கும்போது ஓரம் பிளந்தால் கீல் போய்விட்டது. அரால்டைட் வைத்து ஒட்டித் தருவார்கள், சில மாதம் ஓடும். பிறகு ஸ்கிரீன் கேபிளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கீலும் பேட்டரியும் இரண்டுமே போயிருந்தால் கடைக்காரர் சொன்னதுதான் சரி.

நன்றாக இருந்தாலும் ஒரு கெடு இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்து, கூடுதல் அப்டேட்டுக்குப் பதிவு செய்தால் கட்டணமில்லாமல் 2026 அக்டோபர் 13 வரை வரும். ஏழாம் தலைமுறை ஐ3-க்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள். ஆனால் அப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அடுத்தவர் பாஸ்வேர்டும் வங்கி விவரமும் இருக்கிற லேப்டாப்பில் அந்த விளையாட்டு வேண்டாம். விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் போடச் சொல்லும் தம்பிமார்களும் வருவார்கள். டேலியும் டிஜிட்டல் கையெழுத்துக்கான டிஎஸ்சி டோக்கனும் வைத்துப் பிழைக்கிற உங்களுக்கு அது ஒத்துவராது.

ஆக, இப்போது எஸ்எஸ்டி. புதியது, மகள் எதில் சேருகிறாள் என்று தெரிந்த பிறகு. பி.காம் என்றால் புதியதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், சம்பாதிக்கிற லேப்டாப்தான் முதலில் நன்றாக இருக்க வேண்டும். பழையதில் லினக்ஸ் மின்ட் போட்டு அவளுக்குக் கொடுக்கலாம். இன்ஜினீயரிங் என்றால் புதியது அவளுக்கு. உங்களுக்கு, கம்பெனிகள் கழித்த டெல் லாட்டிட்யூட் அல்லது லெனோவோ திங்க்பேட் செகண்ட் ஹேண்டில் போதும். விண்டோஸ் 11 முறைப்படி ஏற, எட்டாம் தலைமுறை இன்டெல்லோ அதற்குப் பிந்தையதோ பாருங்கள். பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன் திறக்கும் அடிப்படை அமைப்பில், பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு பூட்டு இல்லை என்று கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி பில்லும் எழுத்தில் வாரன்டியும் கேட்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

புதியதில் பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மங்காத ஐபிஎஸ் திரை, 512 ஜிபி எஸ்எஸ்டி, 16 ஜிபி ராம் இருக்கட்டும். பட்ஜெட் இடித்தால் 8 ஜிபி, கூடவே ஒரு காலி ராம் ஸ்லாட். பெட்டியில் உள்ள பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஏஎம்டியின் ரைசன் 5 7520யு என்ற சிப் 2022-இல் வந்தது, உள்ளே இருப்பது 2019-இன் ஜென் 2 வடிவமைப்பு. அதோடு வரும் ராமும் பற்றவைத்ததுதான்.

எஸ்எஸ்டி போட்டதும் கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். நீங்கள் கணக்குப் போடும் கடைக்காரர்களின் பான் எண்ணும் எட்டு வருடக் கணக்கும் அதில்தான் இருக்கின்றன.