பார்க்குல வெண்டைக்கா போட கார்ப்பரேஷன் விடுமா?

கேள்வி: எங்க அப்பார்ட்மெண்ட் பக்கத்துல ஓஎஸ்ஆர் (திறந்தவெளிக்குனு ஒதுக்குன) இடத்துல ஒரு பார்க் இருக்கு. பாதி இடம் சும்மா புல்லு மண்டிக் கிடக்கு. நாங்க ஏழெட்டு பேர் சேர்ந்து கீரை, வெண்டைக்கா போடலாமானு கவுன்சிலர்கிட்ட கேட்டோம், “போறவன் வர்றவன்லாம் பறிச்சிட்டு போவான்மா, அப்புறம் பஞ்சாயத்து என்கிட்டதான் வரும்”னு சிரிச்சிட்டே அனுப்பிட்டார். வெளிநாட்டுல எல்லாம் இது எப்படி நடக்குது? – ஒரு வாசகி, சென்னை

பதில்: பறிச்சிட்டு போகட்டும்னே நட்ட ஊர் ஒண்ணு இருக்குங்க. ஜெர்மனியில ரைன் ஆத்தோரமா ஆண்டர்நாக், ஜனத்தொகை 30,000 சொச்சம்தான். 2010-ல அங்க நகராட்சியே பழைய கோட்டைச் சுவரை ஒட்டி தக்காளி போட்டுச்சு, அதுவும் 101 ரகம், யார் வேணா பறிச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க, அடுத்தடுத்த வருஷம் பீன்ஸ், வெங்காயம்னு போச்சு. ஆனா இதுல கவனிக்க வேண்டியது தக்காளி இல்ல. தண்ணி ஊத்துறது யாரு, களை எடுக்குறது யாருங்குறதுதான். நகராட்சி தோட்டக்காரங்களோட, ரொம்ப நாளா வேலை கிடைக்காம இருந்தவங்களையும் இதுல சேர்த்துக்கிட்டாங்க. தன்னார்வலர்களை மட்டும் நம்பியிருந்தா மூணாவது மாசமே காஞ்சிருக்கும், நம்ம ஊர்ல மரம் நடு விழா முடிஞ்சதும் அந்தக் கன்னுங்க கதி என்னனு பாத்திருப்பீங்கல்ல.

இங்கிலாந்துல கதை வேற, அங்க சட்டமே இருக்கு. 1908-ல வந்த சட்டப்படி ஓட்டுரிமை இருக்குற 6 பேர் சேர்ந்து, காய்கறி போட நிலம் வேணும்னு எழுதிக் குடுத்தா உள்ளூர் கவுன்சில் அதை பரிசீலிச்சே ஆகணும், சிரிச்சு அனுப்ப முடியாது. இப்படி ஒருத்தருக்குத் தர்ற ஒரு முழு துண்டு நிலம் சுமார் 250 சதுர மீட்டர், நம்ம கணக்குல ஒரு கிரவுண்டுக்கும் மேல. 1925 சட்டப்படி, இதுக்குன்னே வாங்கின நிலத்தை அரசாங்க அனுமதி இல்லாம கவுன்சில் விக்கவும் முடியாது. இருந்தும் பல ஊர்ல வருஷக்கணக்குல வெயிட்டிங் லிஸ்ட். சிங்கப்பூர்ல நிலம் கம்மி, அதனால பார்க்குல 2.5 மீட்டருக்கு 1 மீட்டர் பாத்தியைக் குலுக்கல் போட்டு, வருஷக் கட்டணம் வாங்கிட்டு 3 வருஷத்துக்கு தர்றாங்க.

உங்க விஷயத்துக்கு வர்றேன். ஓஎஸ்ஆர் இடம்ங்குறது பெரிய மனை பிரிக்கும்போதோ பில்டிங் கட்டும்போதோ 10 சதவீதத்தை உள்ளாட்சிக்கு தானப் பத்திரம் எழுதிக் குடுக்குற இடம். அது பொதுவுக்கு உள்ளது, உங்க ஏழெட்டு பேருக்கு மட்டும் வேலி போட்டு கேட்டா தப்பு, மறுத்தா அது நியாயம்தான். அதனால எல்லாரும் பறிக்கலாம்னே கேளுங்க. 2022-ல வந்த விதிப்படி வார்டுக்குள்ள ஏரியாவாரியா மக்கள் கூடிப் பேசுற ஏரியா சபைனு ஒண்ணு கூட்டணும், அங்க போய் வாயால சொல்லாம எழுதிக் குடுத்து பதிவு பண்ண வைங்க. எழுத்துல மூணு விஷயம் வேணும்: எந்த மூலை, எத்தனை வருஷம், எந்தக் குழாய்த் தண்ணி. இல்லாட்டி பார்க் கான்ட்ராக்ட் எடுத்தவரோட ஆள் புல்லு வெட்டுற மிஷினோட வந்து உங்க முளைக்கீரையையும் சேர்த்து சரிச்சிட்டு போயிடுவார், அவர் மேல தப்பே இல்ல, அவருக்கு சொன்னது புல்லு வெட்டணும்னு.

முருங்கை மட்டும் வேணாம். மழைக்கு கம்பளிப்பூச்சி வரும், குழந்தைங்க விளையாடுற இடம், ஒரு கம்ப்ளைண்ட் போனா மரத்தோட உங்க திட்டமும் போச்சு. கறிவேப்பிலை வைங்க. காய்கறியை வடகிழக்கு மழை ஓய்ஞ்ச பிறகு, பொங்கல் வாக்குல ஆரம்பிங்க.

கேள்வி: ரோட்டோர பார்க்குல விளைஞ்சத சாப்பிடலாமா? வண்டிப் புகைல ஈயம் இருக்குமே? – வாசகர், கோவை

பதில்: ஈயம் கலந்த பெட்ரோலை நம்ம நாட்டுல 2000-த்தோட நிறுத்திட்டாங்க, ஆனா மண்ணுல இறங்கின ஈயம் லேசுல போகாது. கீரையும் கிழங்கும்தான் அதிகம் யோசிக்க வேண்டியது, தக்காளி, வெண்டை, கத்தரி மாதிரி காயில அவ்வளவா ஏறாது. ரோட்டை விட்டு உள்ள தள்ளி, வெளியில இருந்து நல்ல மண்ணு கொண்டு வந்து மேட்டுப்பாத்தி கட்டிடுங்க. முதல்ல ஒரு அடி தோண்டிப் பாருங்க, முக்கால்வாசி பார்க்குல கீழ செங்கலும் டைல்ஸ் துண்டும்தான் வரும். சாக்கடைத் தண்ணி கூடவே கூடாது, தரம்பிரிக்காத குப்பையில செஞ்ச உரமும் அப்படித்தான், கண்ணாடித் துண்டு கையைக் கிழிக்கும். அப்புறம் சாதாரண மண் பரிசோதனையில தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்துதான் பாப்பாங்க, ஈயம் பாக்கணும்னா தனியா கேக்கணும்.

கேள்வி: பார்க்குல இருக்குற மாமரத்துல மாங்கா பறிச்சா வாட்ச்மேன் துரத்துறார். மரம் யாருக்கு சொந்தம் சார்? – வாசகர், மதுரை

பதில்: இடம் யாரோடதோ மரமும் அவங்களோடது. ரோட்டோர புளியமரத்தை ஏலம் விடுறாங்கல்ல, அதே கணக்குதான். சிங்கப்பூர்லயும் பொது இடத்து மரத்துல அனுமதி இல்லாம கை வைக்க முடியாது. உங்க பார்க்கு மரம் ஏலத்துல போயிருக்கானு ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க, போகலைனா இந்த மாமரம் பொதுனு ஒரு போர்டு வைக்கச் சொல்லி மனு குடுங்க, அதுவரைக்கும் வாட்ச்மேனுக்கும் ரெண்டு மாங்கா குடுங்க.