ரோட்டில் ஓடும் காருக்கு ட்ரை சம்ப் தேவையா?

கேள்வி: என்னிடம் நாலு சிலிண்டர் டர்போ கார் இருக்கிறது. தினமும் வேலைக்குப் போவது அதில்தான். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ரேஸ் டிராக்கிலும் ஓட்டுவேன். ட்ரை சம்ப் போட்டால் இன்ஜின் ஆயுள் கூடும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் ஒரு ஆயில் பிரஷர் கேஜ் வாங்குங்கள். ட்ரை சம்ப் என்பது ஆயிலை இன்ஜின் அடியில் தேங்கவிடாமல் உறிஞ்சித் தனி டேங்கில் சேர்த்து, அங்கிருந்து பம்பால் இன்ஜினுக்கு அனுப்பும் அமைப்பு.

சாதாரண இன்ஜினில் ஆயில் அடியில் உள்ள சம்ப் என்ற தொட்டியில் கிடக்கும், பிக்கப் குழாய் அதை உறிஞ்சும். வளைவில் ஆயில் வெளிப்பக்கம் ஒதுங்கும். பக்கவாட்டு விசை 1 ஜி, அதாவது புவியீர்ப்புக்குச் சமம் ஆனால் அதன் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்துவிடும். பிக்கப்பின் வாய் வெளியே வந்தால் பம்ப் காற்றை இழுக்கும். ஆயில் போய்ச் சேராததால் பெரும்பாலும் முதலில் போவது கனெக்டிங் ராட் பேரிங். தெரு முனையில் திரும்புவது ஓரிரு நொடி வேலை, அதற்குள் ஆயில் திரும்பி வந்துவிடும். டிராக்கில் ஐந்தாறு நொடி நீளும் வளைவும், ஒட்டிப் பிடிக்கிற ஸ்லிக் டயரும் சேர்ந்தால்தான் வினை.

வண்டியோடு வரும் எச்சரிக்கை விளக்கை நம்பாதீர்கள். பல கார்களில் பிரஷர் 10 பிஎஸ்ஐக்கும் கீழே போன பிறகுதான் அது எரியும். தனி சென்சார் போட்டு, 20 பிஎஸ்ஐயில் எரியும் விளக்கு ஒன்றைக் கண்ணெதிரே வையுங்கள். 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. 5000 ஆர்பிஎம்மில் 50 காட்டும் முள், நீண்ட வளைவின் நடுவில் மட்டும் 20க்கு விழுந்து நேர்பாதையில் ஏறினால், பிக்கப் காற்று குடிக்கிறது. நாலைந்து சுற்றுக்குப் பின் எல்லா இடத்திலும் சீராகக் குறைந்தால் ஆயில் சூடாகி இளகிவிட்டது என்று பொருள். அதற்கு மருந்து ஆயில் கூலர். சம்பை மாற்றிப் பயனில்லை.

வளைவில்தான் விழுகிறது என்றால், டிராக்குக்குப் போகும்முன் ஆயிலை மேல் கோடு வரை நிரப்புங்கள். அதைத் தாண்டி ஊற்றினால் க்ராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். அடுத்து, பிக்கப்பைச் சுற்றித் தடுப்புத் தகடும், ஆயிலை உள்ளே விட்டு வெளியே விடாத கீல் கதவும் உள்ள சம்ப். மாட்டும்போது பிக்கப் வாய்க்கும் சம்ப் தரைக்கும் 6 முதல் 10 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று களிமண் உருண்டை வைத்து அழுத்திப் பாருங்கள். நல்ல சம்ப் வாங்கிப் போட்டும் பேரிங் போகிற கதை பல சமயம் இங்கேதான் தொடங்குகிறது. அப்படியும் முள் விழுந்தால், பிரஷர் குறைந்ததும் ஆயிலைத் தள்ளிக் கொடுக்கும் இரண்டு மூன்று லிட்டர் அக்யூமுலேட்டர். இத்தனையும் தாண்டியவருக்குத்தான் ட்ரை சம்ப்.

கேள்வி: சில கார்கள் கம்பெனியிலிருந்தே ட்ரை சம்போடு வருகின்றனவே?

பதில்: ஏர்கூல்டு போர்ஷ 911, 2006இல் வந்த கார்வெட் இசட்06 போன்றவற்றில் டேங்க், பம்ப் எல்லாம் இன்ஜினோடு சேர்த்தே திட்டமிட்டவை, பின்னால் ஒட்டவைத்த கிட்டோடு ஒப்பிட முடியாது. பழைய ஏர்கூல்டு 911 வாங்கப் போனால் ஒன்று: இன்ஜின் நன்றாகச் சூடேறி, சமதரையில் ஐடிலில் ஓடும்போதுதான் ஆயில் அளவு பார்க்க வேண்டும். குளிர்ந்த வண்டியில் டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினால் அது எதையும் சொல்லாது.

கேள்வி: டிராக்குக்கென்றே ஒரு கார் கட்டுகிறேன். செகண்ட் ஹேண்ட் ட்ரை சம்ப் கிட் கிடைக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முந்தைய இன்ஜின் எப்படிச் செத்தது என்று கேளுங்கள். பேரிங் போன இன்ஜினின் உலோகத் துகள் டேங்கின் உள்தடுப்புகளில் ஒளிந்திருக்கும். டேங்கைப் பிரித்துக் கழுவலாம். கூலரையும் ஹோஸ்களையும் தூக்கிப் போட்டுப் புதிதாக வாங்குங்கள். பம்பைத் திறந்து உள்சுவரில் கீறல் தேடுங்கள், கையால் சுற்றினால் சொரசொரப்பு தெரியக்கூடாது. பம்பில் இன்ஜின் அடியிலிருந்து ஆயிலை உறிஞ்சி டேங்குக்கு அனுப்பும் ஸ்கேவஞ்ச் பகுதிகள் இழுக்கும் மொத்த அளவு, இன்ஜினுக்கு ஆயில் கொடுக்கும் பிரஷர் பகுதி தள்ளுவதைவிட நிறையவே அதிகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவை ஆயிலோடு காற்றையும் இழுக்கின்றன. டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸ் குறுகினாலோ மடங்கினாலோ செலவு செய்ததெல்லாம் வீண்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பம்பை ஓட்டும் பெல்ட்டைக் கழற்றி, டிரில்லால் பம்பைச் சுற்றி, கேஜில் பிரஷர் ஏறுவதைக் கண்ணால் பாருங்கள். வாரக்கணக்கில் நின்ற வண்டியிலும் இதையே செய்வது நல்லது. டேங்க் ஆயில் பம்ப் வழியே மெல்ல இன்ஜினுக்குள் இறங்கியிருக்கும். பழைய பெல்ட்டை எக்காரணம் கொண்டும் மாட்டாதீர்கள். அது அறுந்தால் பிரஷர் உடனே பூஜ்யம். இன்ஜினை அந்த நொடியே அணைக்க வேண்டும்.